எல்லைப் பகுதியில் ஒரு சொல்: 'உஷார்' பொருள் வரலாறு

தமிழ் வழங்கும் நிலத்தின் வடஎல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைச் சுட்டுகின்றது. அவ்வேங்கடம் அமைந்த திருப்பதியும் அதனையடுத்த சித்தூரும் இன்று ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தவை. எனினும் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் நிலை அங்கு மாறவில்லை. இரு மொழிகளிலும் ஒலியால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் நிற்கும் சொற்கள் இத்தகைய நிலப்பகுதியில் தனித்த ஆய்வுக்குரியன. 'உஷார்' அவற்றுள் ஒன்று.

இச்சொல் பாரசீகத்தில் அறிவு, உணர்வு எனப் பொருள்படும் 'ஹோஷ்' என்பதன் அடியாகப் பிறந்தது. மூலப்பொருள் 'உணர்வுத் தெளிவுடையவன்' என்பதாகும். விசயநகர அரசர்களின் பிற்காலத் தலைநகராக விளங்கிய சந்திரகிரி 1646இல் கோல்கொண்டாவின் வசமாயிற்று. 1687இல் கோல்கொண்டா முகலாயரிடம் வீழ்ந்தது. பின்னர் இப்பகுதி ஆர்க்காட்டு நவாபுகளின் ஆளுகையிலும், 1801 முதல் கும்பினியின் நேரடி ஆட்சியிலும் இருந்தது. படையிலும் வருவாய்த்துறையிலும் வழங்கிய சிப்பாய், தாசில்தார், ஜமாபந்தி முதலிய சொற்கள் பொதுமக்கள் பேச்சில் கலந்த சூழல் இதுவே.

கடன்பெற்ற மொழிகள் மூலப்பொருளின் வெவ்வேறு கூறுகளை வளர்த்துக்கொண்டன. தமிழில் 'உஷாராக இருக்கிறான்' என்றால் எச்சரிக்கையாக இருக்கிறான் என்பது பொருள்; 'காவல்துறை உஷார்' என்னும் செய்தித்தாள் வழக்கும் இதன்பாற்பட்டதே. தெலுங்கில் 'ஹுஷாருகா உன்னாடு' என்றால் உற்சாகமும் துடிப்பும் மிக்கவனாக இருக்கிறான் என்று பொருள்படும். மலையாள 'உஷார்' தெலுங்கின் பொருளையே ஒட்டி நிற்கின்றது. கன்னடத்தில் எச்சரிக்கையோடு உடல்நலத்தையும் இச்சொல் குறிக்கும். 'ஹுஷாரில்ல' என்பது உடல்நலமின்மையைக் குறிக்கும் அன்றாட வழக்கு. உள்ளத்தின் விழிப்பு ஆபத்தை நோக்கும்போது எச்சரிக்கையாகவும், செயலை நோக்கும்போது ஊக்கமாகவும், உடலை நோக்கும்போது நலமாகவும் விரிந்துள்ளது எனலாம்.

எனவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பிழை நேரும். தெலுங்கில் ஒருவனது மலர்ச்சியைப் பாராட்டிய கூற்று, தமிழில் அவன் எதற்கோ அஞ்சி விழித்திருப்பதாகத் திரியும். சித்தூர்ப் பகுதியின் இருமொழியாளரோ சூழல் நோக்கி இரு பொருளையும் பிரித்துணர்வர். இத்திறன் அகராதிகளில் பதிவாக வேண்டிய மொழியறிவாகும். அதனைத் தெலுங்குக் கலப்பு என ஒதுக்குவது ஆய்வுக்குத் துணைசெய்யாது.

1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிர்வாக எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறின. சொற்பொருளின் எல்லையோ இக்கோடுகளைப் பின்பற்றுவதில்லை; இரு மொழிகளையும் பேசுவோர் நாவிலேயே அது அமைகின்றது. மூன்று மாநிலங்கள் கூடுமிடத்தில், சித்தூர் மாவட்டக் குப்பத்தில், 1997இல் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் இத்தகைய சொற்களைக் களத்தில் திரட்டிப் பொருள்வேறுபாட்டோடு பதிவுசெய்தல் வேண்டும். வேற்றுமொழிச் சொல் என்னும் ஒரே காரணத்தால் இவற்றை விலக்கின், வடவேங்கடத் தமிழரின் முந்நூற்றைம்பது ஆண்டுக்கால வாழ்வியல் வரலாற்றின் ஒரு பகுதியும் உடன் விலகிவிடும்.