மோரே: திரும்பிப் போனவர்கள் நின்ற இடம்

மேனாம்பேட்டில் என் தெருவிலிருந்து பாரிமுனைக்குப் போகிறவர்கள், பர்மா பஜார் பக்கம் ஒரு தட்டு அத்தோ சாப்பிடாமல் திரும்புவது அபூர்வம். "பர்மாக்காரங்க சாப்பாடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பர்மாக்காரர்களில் சிலர் சென்னையில் தங்கவில்லை, வந்த நாட்டுக்கே திரும்பப் பார்த்தார்கள். அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்ட இடம்தான் மோரே.

மணிப்பூரின் தென்கிழக்கு மூலையில், இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் இருக்கும் சின்ன ஊர். எதிரே மியான்மரின் தமு. 1942இல் ஜப்பானியப் படைக்குப் பயந்து இந்தியர்கள் பெருங்கூட்டமாக நடந்து வந்த வழிகளில் இதுவும் ஒன்று. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

அடுத்த வெளியேற்றம் கப்பலில். 1962இல் ஆட்சியைப் பிடித்த நெ வின் கடைகளை அரசுடைமையாக்கினார். 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார். சேர்த்ததெல்லாம் போச்சு. சென்னையில் இறங்கியவர்களுக்கு முகாம், கொஞ்சம் கடன், அப்புறம் பர்மா காலனி. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது எப்படித் தாயகம்? சிலர் ரயிலேறி அஸ்ஸாம் போய், மணிப்பூர் கடந்து எல்லைக்குப் போனார்கள். பர்மியப் படை உள்ளே விடவில்லை. திரும்பவும் சென்னைக்கு வர மனசும் இல்லை, காசும் இல்லை. எல்லையிலேயே குடிசை போட்டார்கள்.

இதைப் 'புலம்பெயர்வு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அவங்க வீட்டுக்குப் போயிட்டிருந்தாங்க.

வீட்டுக்குப் போகவிடாத அந்த எல்லையே அவர்களுக்குச் சோறும் போட்டது. பர்மிய மொழி தெரியும், அந்தப் பக்கம் பழைய பழக்கம் உண்டு, வியாபாரம் பண்ணத் தெரியும். 1994 ஒப்பந்தத்தையடுத்து மறு வருடம் மோரேயில் எல்லை வணிகம் முறைப்படி திறந்தது. அதற்குப் பல வருடம் முன்பே கள்ளமும் நேர்மையுமாகச் சந்தை நடந்துகொண்டுதான் இருந்தது. தமிழ்ச் சங்கம் வந்தது, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழும்பியது.

ஆனால் அது குக்கிகளின் வட்டாரம். சந்தை பெருத்தால் யார் கையில் பணம் என்ற கேள்வியும் பெருக்கும். 1995இல் குக்கிகளுக்கும் தமிழர்களுக்கும் மோதல் மூண்டு, பலர் ஊரை விட்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை வாசல் மூடியது. 2023 மே மாதம் மெய்தி-குக்கி கலவரத்தில், சண்டையில் எந்தப் பக்கமும் சேராத தமிழர் வீடுகளும் எரிந்தன. 2024 பிப்ரவரியில், எல்லையோர மக்கள் விசா இல்லாமல் 16 கிலோமீட்டர் வரை போய்வரும் ஏற்பாட்டை ரத்து செய்வதாக இந்திய அரசு அறிவித்தது.