அச்சகம் இங்கே, வாசகர் அங்கே!

1908-ல் சென்னை 'இந்தியா' வாரப் பத்திரிகை மீது ராஜதுரோக வழக்கு. ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசனுக்கு ஐந்தாண்டு சிறை! நிஜத்தில் எழுதிக் குவித்த பாரதியாரோ புதுச்சேரிக்கு வந்துவிட்டார். பின்னாடியே பத்திரிகையும் வந்து சேர்ந்தது.

தேங்காய்த்திட்டு, கடற்கரை வீதி எல்லாமே அப்போது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் போலீஸ் நுழைந்து அச்சகத்தைப் பூட்ட முடியாது. தைரியமாக கார்ட்டூன் போட்டு ஆங்கிலேய ஆட்சியை வெளுத்து வாங்கியது 'இந்தியா'.

அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? அச்சகத்தை விட்டுவிட்டு, வாசகர் மேல் குறிவைத்தது. சந்தாதாரர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே! பிரிட்டிஷ் பகுதிக்குள் பத்திரிகை வரவே தடை. 1910-ல் 'இந்தியா' நின்றுபோனது. பாரதியார் 1918 வரை புதுவையிலேயே இருந்தார்.

எழுதுகிற கையை யாரும் பிடிக்கவில்லை. வாங்குகிற கையைப் பிடித்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது!