இணைநோய் என்று எழுதினார்கள்

எங்கம்மாவின் டயாலிசிஸ் நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கிறது. 80 பக்கக் கோடு போட்ட நோட்டு. இடதுபக்கம் தேதி, எடை, பிரஷர், எத்தனை மணி நேரம் மிஷினில் இருந்தாங்க என்ற கணக்கு. வலதுபக்கம் கொரோனா. அன்றைக்கு என்ன செய்தி வந்தது, எந்த மருந்து கேட்கிறது என்றார்கள், எது கேட்கவில்லை என்றார்கள். 2020 மார்ச்சிலிருந்து 2021 மே வரைக்கும் எழுதியிருக்கிறேன். இதையெல்லாம் வரலாறு என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா நகராட்சியில் தெருக்கூட்டி ஓய்வு பெற்றவங்க. சர்க்கரை முற்றி இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், நாலு நாலு மணி நேரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும். எங்க காலனியிலிருந்து ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர்.

2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார். 21 நாள் யாரும் வாசப்படி தாண்டக்கூடாது என்றார். அம்மா கேட்டாங்க: "வூட்லயே இருந்தா நோய் வராது, சரி. வூட்லயே இருந்தா நான் செத்துருவனே, அதுக்கு இன்னாடா சொல்றாரு?" அதுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பஸ் நின்றுபோச்சு. அந்த வாரம் ஒரு தடவை தவறியது. அடுத்த தடவைக்கு அம்மாவை டிவிஎஸ் ஃபிஃப்டியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் என் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன். வழியில் மூணு இடத்தில் போலீஸ். மூணு இடத்திலும் இந்த நோட்டைத்தான் காட்டினேன்.

2020இல் மாநில அரசுகள் எடுத்து நீட்டிய தொற்றுநோய்ச் சட்டம் 1897ஆம் வருஷத்துது. பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அதே 1897இல், அதே பிளேக்கில், புனே பக்கத்து முண்ட்வாவில் ஒரு மகர் குடும்பத்துப் பையனை முதுகில் சுமந்துகொண்டு போனவர் சாவித்ரிபாய் பூலே. பையன் பிழைத்தான். அவருக்கு நோய் தொற்றி மார்ச் 10ஆம் தேதி இறந்துபோனார். சட்டம் 123 வருஷம் ஞாபகத்தில் இருந்தது. சுமந்து போனவரை எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்தது?

அப்புறம் அந்த வார்த்தை: 'சமூக விலகல்.' ஊருக்கு வெளியே குடிவைக்கப்பட்டவனிடம் வந்து விலகி நில் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 20இல், உடலளவில் தள்ளியிருப்பது என்று சொல்வதுதான் சரி என்று மாற்றிக்கொண்டது. நம்ம ஊரில் பழைய வார்த்தை போகவே இல்லை. யாருக்கும் அது புதுசாகவும் படவில்லை.

டிவியில் தினமும் வைத்தியம் சொன்னார்கள். சுடுதண்ணி நிறையக் குடி, எலுமிச்சை ஆரஞ்சு பிழிந்து குடி, கஷாயம் குடி. எங்கம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு மேல் கூடாது. பழச்சாறு குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும். ஊருக்கெல்லாம் சொன்ன மருந்து அம்மாவுக்கு விஷம். அன்றைக்குத்தான் செய்தியை நம்பினால் போதாது, ஆராய்ச்சியைத் தேடிப் படிக்கணும் என்று முடிவு பண்ணினேன். என் இங்கிலீஷ் பத்தாது. காலேஜ் படிக்கிற அண்ணன் மகள் போனில் படித்துச் சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன்.

மலேரியா மாத்திரை வேலை செய்யவில்லை என்று இங்கிலாந்தில் கண்டுபிடித்தது ஜூன் 5. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஊசிமருந்து ஆக்ஸிஜனில் இருப்பவர்களின் உயிரைக் காப்பாற்றுகிறது என்று அறிவித்தது ஜூன் 16. நோய் காற்றிலும் பரவும் என்று 239 விஞ்ஞானிகள் எழுதியது ஜூலையில். அதைக் கேட்டதும் டயாலிசிஸ் ரூமில் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். ஏசி போயிடும் என்றார்கள். "நீ டாக்டரா?" என்றும் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்கு மகன்.

தமிழ்நாடு சுகாதாரத் துறை தினமும் சாயங்காலம் அறிக்கை விடும். செத்தவர்களின் வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், என்ன இணைநோய் என்று வரிசையாக இருக்கும். நான் அதில் 'நாள்பட்ட சிறுநீரக நோய்' என்ற வரியைத்தான் தேடுவேன். டீக்கடையில் அதே அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இணைநோய் இருக்கிறவங்கதான் சாவறாங்க, நமக்கு ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொல்லிக்கொண்டார்கள். அவங்களுக்கு ஆறுதல் சொன்ன வார்த்தை எங்க வீட்டுக்குத் தேதி குறித்தது.

1918 இன்ஃப்ளுயன்சாவிலும் கணக்கு எடுத்தார்கள். பம்பாய் நகரத்துச் சாவுக்கணக்கில் தாழ்த்தப்பட்ட சாதிகள் ஆயிரத்துக்கு 61 பேர். மற்ற சாதி இந்துக்கள் சுமார் 19 பேர். ஐரோப்பியர்கள் சுமார் 8 பேர். வெள்ளைக்காரன் நம்மேல் பிரியப்பட்டுச் சாதியை எழுதவில்லை. ஆனாலும் எழுதியதால்தான் நூறு வருஷம் கழித்து, ஒரே காய்ச்சல் எல்லோரையும் ஒரே மாதிரி கொல்லவில்லை என்று நாம் காட்ட முடிகிறது. 2020இன் அறிக்கையில் சாதிக்குக் கட்டம் இல்லை. சர்க்கரைக்கு இருந்தது, கிட்னிக்கு இருந்தது. காற்று வராத வீட்டுக்கு, 40 கிலோமீட்டருக்கு, வாழ்நாளெல்லாம் குப்பை அள்ளிய கைக்கு இல்லை. அதெல்லாம் இணைநோயில் சேராதாம்.

2021 மார்ச்சில் அம்மாவுக்கு முதல் ஊசி போட்டோம். மே 13இல் இரண்டாவது ஊசிக்கு 12 முதல் 16 வாரம் பொறுக்கணும் என்றது அரசு. அதற்குள் இரண்டாவது அலை. நாங்கள் போகிற டயாலிசிஸ் ரூமில் வேலை செய்தவர்களுக்கே நோய் வந்து கதவைச் சாத்தினார்கள். வேறு இடத்தில் டெஸ்ட் ரிசல்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். இரண்டு தடவை தவறியது. மூன்றாவதுக்கு அம்மா இல்லை. மறுநாள் ரிசல்ட் வந்தது: நெகட்டிவ். அதனால் அந்தச் சாயங்காலத்து அறிக்கையில் எங்கம்மா இல்லை. இணைநோய்க்காரியாகக்கூட இல்லை.

2022இல் இரண்டு கணக்குகள் வந்தன. ராஜஸ்தானில் அரசுக் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களை ராதிகா ஜெயின், பாஸ்கலின் துபா என்ற இருவர் ஆராய்ந்திருந்தார்கள். 2020 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் நடுவில் சாவு 64 சதவீதம் கூடியது. பெண்கள், ஒடுக்கப்பட்ட சமூகத்தார், ஆஸ்பத்திரிக்குத் தொலைவில் இருப்பவர்கள், இவர்களிடம்தான் அதிகம் கூடியது. போக வண்டி இல்லாததும் ஆஸ்பத்திரி வேலை தடைப்பட்டதும் முக்கியமான காரணம். அண்ணன் மகள் படித்துச் சொல்லும்போது, "சித்தப்பா, இது நம்ம ஆயாவாச்சே" என்றாள். எங்கம்மா ராஜஸ்தானைப் பார்த்ததே இல்லை.

இன்னொன்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2020, 2021 இரண்டு வருஷத்திலும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் 47 லட்சம் என்றது. அரசு ஒத்துக்கொண்ட கொரோனா சாவு அதில் பத்தில் ஒரு பங்குதான். கணக்குப் போட்ட முறையே தப்பு என்றது அரசு. முறையைப் பற்றிப் படித்தவர்கள் சண்டை போடட்டும். நோயால் நேராகச் செத்தவர்களோடு, வேறு வைத்தியம் கிடைக்காமல் செத்தவர்களையும் சேர்த்த கணக்கு அது.

நோட்டில் கடைசிப் பக்கம் காலியாகக் கிடந்தது. இடதுபக்கம் அம்மாவின் பெயரையும் தேதியையும் எழுதினேன். வலதுபக்கம் 47 லட்சம் என்று எழுதி, அதற்குக் கீழே 'இதில் ஒருத்தி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.