ரோடியோ வீரரும் மறைந்த காதலும்

ரோடியோ என்பது ஸ்பானியச் சொல். சூழ்ந்து வளைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். வெட்டவெளியில் சிதறி மேய்ந்த மாடுகளை வளைத்து ஓரிடத்திற் சேர்த்து, கன்றுகளுக்குச் சூட்டுக்குறி இடும் வேலைக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. மெக்சிகோ நாட்டு மேய்ப்பரிடமிருந்து சொல்லையும் தொழிலையும் ஒருங்கே கற்றவர்கள் அமெரிக்க மேற்குப் பகுதியின் கௌபாய்கள். வேலை விளையாட்டாகி, விளையாட்டு கட்டணம் வாங்கிக் காட்டும் காட்சியான பின்னும் பெயர் மாறவில்லை. அக்காட்சியில் முரட்டுக் காளையின் முதுகில் ஒரே கையாற் கயிற்றைப் பற்றி எட்டு விநாடி விழாதிருப்பவனே வீரன். ஆண்மைக்கு ஓர் உருவம் வரையச் சொன்னால் அமெரிக்கர் பலர் அவனையே வரைவர். அத்தகைய வீரருள்ளும் ஆடவரை விரும்பிய ஆடவர் இருந்தனர் என்பதும், அவ்விருப்பத்தை ஊரிடமும் சிலவேளை தம்மிடமுமே மறைத்து வருந்தினர் என்பதும் நெடுங்காலம் எழுதப்படாதிருந்த செய்தி.

உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தபின் டெக்ஸாஸ் மாடுகளைக் கான்ஸாஸ் மாநிலத்து ரயில் நிலையங்கள்வரை ஓட்டிச் செல்லும் நெடும்பயணங்கள் தொடங்கின. பயணம் திங்கட்கணக்கில் நீளும். சென்றவருட் பெரும்பாலோர் மணமாகாத இளைஞர். உண்பதும் உறங்குவதும் இடர்ப்படுவதும் ஒன்றாகவே. பெண்கள் இல்லாத முகாம்களில் பிடில் ஒலித்தால் ஆடவரே இணைந்து ஆடினர். பெண்ணின் அடவை ஏற்பவன் அடையாளமாகக் கையிலே ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்வான். அதற்குக் ‘கிடாரிக் குறி’ என்று அவர்கள் வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தனர்.

இவற்றைக் கொண்டு முகாமில் இருந்தவர் எல்லாரும் காதலர் என்று முடிவு கட்டுதல் பிழை. குளிர் மிகுந்தால் இருவர் ஒரே போர்வைக்குள் உறங்குவர். அதிலே குளிரைத் தவிர வேறு காரணம் தேட வேண்டா. ஆனால் எழுத்துச் சான்று இல்லை என்பதாலேயே அத்தகையவர் ஒருவரும் இல்லை என்பது அதனினும் பெரிய பிழை. நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இல்லாதவர்களும், எழுதினால் சிறைக்கு அஞ்ச வேண்டியவர்களும் ஏடுகளை விட்டுச் செல்வார்கள் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? வரலாறு எழுதுவோர் இங்கே மௌனத்தையும் ஒரு சான்றாக எடைபோட வேண்டியவராகின்றனர்.

அம்மௌனத்தை முதலில் உடைத்தவர் வரலாற்றாசிரியர் அல்லர். உயிரியல் அறிஞரான ஆல்பிரெட் கின்ஸி. ஆடவர் பாலொழுக்கம் பற்றி 1948-ல் அவர் வெளியிட்ட நூல் அமெரிக்காவையே திடுக்கிடச் செய்தது. நகரத்தாரிடமே இத்தகைய உறவு உண்டு என்று நம்பியிருந்தவர்களுக்கு, மேற்குப் பகுதியின் மாட்டுப்பண்ணையாரிடமும் மரம் வெட்டுவோரிடமும் சுரங்கத் தாது தேடுவோரிடமும் அது காணப்படுகிறது என்று அவர் காட்டினார். அவர் கூறியதில் நுட்பமான பகுதி வேறொன்று. அம்முரட்டு ஆடவர் தம்முள் நிகழ்ந்ததைப் பெரிதாக எண்ணிப் பேசுவதில்லை. ஆனால் நகரத்துத் தன்பால் விழைவோரின் நடையுடை பாவனைகளைக் கண்டாற் சகிக்கவும் மாட்டார். செயலுக்கு அங்கே இடமிருந்தது. அதற்கொரு பெயர் வைக்கத்தான் இடமில்லை. ரோடியோ வீரரின் மனப்போராட்டம் முழுவதும் இந்த இடைவெளியில் அடங்கும்.

முட்கம்பிக்கு ஜோசப் கிளிடன் 1874-ல் உரிமம் பெற்றார். திறந்த புல்வெளிகள் வேலிகளாற் பிரிந்தன. 1886–87-ன் கொடுங்குளிரில் மாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. பழைய வாழ்வு மறைய, அதன் நினைவு காட்சியாயிற்று. வயோமிங்கின் செயென் நகரத்துப் பெருவிழா 1897-ல் தோன்றியது.

காட்சியில் இறங்கிய வீரனுக்குச் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணத்தைத் தானே கட்டுவான். வென்றால் பரிசு, தோற்றால் வெறுங்கை. பரிசுத்தொகை போதாதென்று 1936-ல் பாஸ்டன் நகரில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து தமக்கென ஒரு சங்கமும் கண்டனர். ஊர் ஊராகச் செல்லும் செலவைக் குறைக்க இருவர் மூவர் ஒரே வண்டியிற் பயணம் செய்து, ஒரே அறையில் தங்குவது வழக்கமாயிற்று. ஆதலால் இரு ஆடவர் ஆண்டு முழுதும் சேர்ந்து திரிவதை எவரும் ஐயுறுவதில்லை. இது காதலர்க்கு நல்ல மறைப்பு. அதுவே பெரிய ஆபத்தும் ஆகும். ஒரு வதந்தி பரவிவிட்டால் வண்டியில் இடம் போகும். வண்டி போனால் பிழைப்பும் போகும்.

சட்டமும் துணை நிற்கவில்லை. வயோமிங் இத்தகைய உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை 1977-ல் நீக்கியது. நெவாடா 1993-ல் நீக்கியது. டெக்ஸாஸின் சட்டத்தை 2003-ல் உச்ச நீதிமன்றமே செல்லாதெனத் தீர்த்தது.

இவ்வாழ்வை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் ஆனி ப்ரூ என்னும் பெண் எழுத்தாளர். ‘ப்ரோக்பேக் மவுன்டன்’ என்னும் அவருடைய சிறுகதை 1997-ல் வெளிவந்தது. 1963-ஆம் ஆண்டுக் கோடையில் வயோமிங் மலையில் ஆடு காக்கச் சென்ற இருவர் காதல் கொள்கின்றனர். ஒருவன் ஜாக், காளை ஏறும் ரோடியோ வீரன். மற்றவன் என்னிஸ், பண்ணைக் கூலி. இருவரும் பின்னர்ப் பெண்களை மணந்து பிள்ளை பெறுகின்றனர். மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு இருபதாண்டுக் காலம் இடையிடையே சந்திக்கின்றனர். சேர்ந்து வாழ்வோம் என்கிறான் ஜாக். என்னிஸ் துணியவில்லை. ஆடவனோடு வாழ்ந்ததற்காகக் கொல்லப்பட்ட ஒருவனின் உடலைச் சிறுவயதில் அவன் தந்தையே அழைத்துச் சென்று காட்டியிருந்தார். அந்தப் பாடம் அவனைக் கடைசிவரை விடவில்லை. கணவர் இருவரும் மறைத்ததன் சுமையில் ஒரு பங்கு மனைவியர் தலையிலும் விழுந்தது என்பதையும் ஆசிரியர் மறக்கவில்லை. இக்கதையைப் பேசுவோர்தாம் அதை அடிக்கடி மறந்துவிடுகின்றனர். ஆங் லீ இயக்கிய திரைப்படம் 2005-ல் வந்து, அடுத்த ஆண்டு மூன்று ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

கதையில் வரும் இருவர்க்கும் ஒதுங்க இடமில்லை. ஆனால் கதை நிகழும் காலம் முடிவதற்கு முன்பே, மெய்யான வீரர் சிலர் அப்படியோர் இடத்தைத் தாமே அமைக்கத் தொடங்கிவிட்டனர். நெவாடாவின் ரீனோ நகரில் பில் ராக்ஸ்டேல் என்பவர் தன்பால் விழைவோர்க்கென ஒரு ரோடியோ நடத்த முனைந்தார். முதியோர்க்கு நிதி திரட்டுவது நோக்கம். போட்டியின் தன்மை அறிந்ததும் மாடு கொடுப்பார் இல்லை. தேடி அலைந்து கடைசி வேளையில் ஐந்து மாடு, பத்துக் கன்று, ஒரு பன்றி, ஒரு ஷெட்லண்ட் மட்டக்குதிரை ஆகியவற்றைப் பெற்று, 1976 அக்டோபர் 2-ல் போட்டியை நடத்தி முடித்தார். ரோடியோவின் தொடக்கம் இத்துணைச் சிறிதாக இருந்ததைக் கண்டு நகைத்தவரும் இருந்திருப்பர். சில ஆண்டுகளில் அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடினர். கொலராடோ, டெக்ஸாஸ், கலிபோர்னியா, அரிசோனா மாநிலச் சங்கங்கள் இணைந்து 1985-ல் ஒரு பொதுச் சங்கத்தை நிறுவின.

அச்சங்கத்தின் போட்டிகளில் எல்லா ஆட்டத்திலும் ஆடவரும் பெண்டிரும் இறங்கலாம். வாடிக்கையான ரோடியோவில் பெண்டிர்க்கு வாய்த்தது பெரும்பாலும் பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டுவதே. இங்கே காளையும் ஏறலாம். ஆட்டுக்கு உள்ளாடை அணிவிக்கும் பந்தயமும், ஒருவர் மாறுவேடத்தில் மாட்டின்மீது ஏறும் பந்தயமும் சிரிப்புக்கென உள்ளன. காளை சிரிப்பதில்லை, விழுந்தவனின் எலும்பு எங்கும் ஒரே விதமாகத்தான் முறியும். ஊரில் வேலை போகுமென அஞ்சி வேறு பெயரிற் பதிந்து ஆடியவர்களும், படம் எடுக்க இணங்காதவர்களும் பலர். 1988-ல் நெவாடாவில் நடக்கவிருந்த இறுதிப்போட்டி நீதிமன்றத் தடையால் நின்றது. அக்காலத்தே எய்ட்ஸ் நோய் வீரர் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர் போட்டிகளில் திரட்டிய பணத்தை நோயுற்றோர்க்கு அனுப்பினர்.

இச்சங்கத்தின் ஏடுகளும் நிழற்படங்களும் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஆட்ரி அருங்காட்சியகத்திற் சேர்ந்துள்ளன. அதை நிறுவிய ஜீன் ஆட்ரி, திரையிற் பாடிய கௌபாய் நடிகர். ரோடியோ நடத்தியவரும் ஆவார். கதையின் முடிவில், இறந்த ஜாக்கின் அறையில் என்னிஸ் இரண்டு சட்டைகளைக் காண்கிறான்; தொலைந்ததாக அவன் நினைத்திருந்த தன் சட்டை, ஜாக்கின் சட்டைக்குள் செருகிக் கிடக்கிறது. திரைப்படத்துக்கென நடிகர் அணிந்த அவ்விரு சட்டைகளும் 2009-ல் அதே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.