மலையேறிய கடல்

வைகாசி முடியுமுன் நாவலப்பிட்டியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஊரை ஒட்டி ஓடும் மகாவலி கங்கை கலங்கிப் பெருகும். அதே நாட்களில், அக்கங்கை சென்று சேரும் கொட்டியாரக் குடாவில் வானம் வெளுத்திருக்கும். வெயிலில் மணல் கொதிக்கும். இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி, ஏறக்குறைய 335 கிலோமீற்றர் ஓடி இவ்விரு நிலங்களையும் இணைக்கின்றது. மலையில் மழை பொழியும் காலமே கிழக்குக் கரையில் மீன் உலர்த்தும் காலம்.

மேற்குக் கடல் கொந்தளிக்கும் அம்மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபப் பகுதி மீனவரும் கிழக்குக் கரைக்கு வந்து, ஓலை வாடிகள் அமைத்துத் தங்கித் தொழில் செய்வது நெடுநாளைய வழக்கம். வள்ளம் கரைவலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கிவர, கரையில் இரு புறமும் நிற்போர் அம்பாப் பாட்டுப் பாடி வடத்தை இழுப்பர். வலைக்கு உடையவரான சம்மாட்டியாரின் பங்கு போக எஞ்சியதே இழுத்தவர்களுக்கு. பச்சை மீன் நெடுந்தூரம் செல்லாது. ஆதலால் அதனைக் கீறி, குடல் களைந்து, உப்பிட்டு வெயிலில் விரிப்பர். கருவாடான பின்னரே கடலின் விளைவு மலையேறும்.

கண்டி இராச்சியத்துக்கு இது சிறு விடயமன்று. மலைநாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், உப்பு விளையாது. தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள் பாக்கைக் கீழ்நாட்டுக்குச் சுமந்து சென்று, உப்பும் கருவாடும் கொண்டு மீண்டன. 1660-ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிலே இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681-இல் வெளியான தமது நூலில், புத்தளத்திலிருந்து உப்பும் மீனும் நாட்டுக்குள் வந்தமையைக் குறித்திருக்கிறார். கரையைப் பிடித்தவன் மலையின் அடுப்பையும் பிடித்தவனாவான் என்பது ஒல்லாந்தருக்கு நன்கு தெரியும். 1766-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் இழந்தான். உப்பெடுக்கும் உரிமை மட்டும் அவன் குடிகளுக்கு விடப்பட்டது. அக்காலப் போர்களைக் கறுவாப்பட்டைக்கான போர்கள் என்றே பலரும் எழுதுவர். குடியானவன் வீட்டிலோ உப்புப் பானையைப் பற்றியதே கவலை.

1815-இல் கண்டி வீழ்ந்தது. பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டுவழியே பல நாட்கள் நடந்து மலைநாட்டை அடைந்தனர். வாந்திபேதியும் பட்டினியும் வழியிலேயே பலரைக் கொண்டன. இலங்கையில் அவர்கள் முதலிற் கண்டவை கட்டுமரங்களும் வலை உலரும் கரையூர்களுமே. லயங்களில் குடியேறியபின் கடலைக் கண்ணாற் காணாமலே வாழ்நாளைக் கழித்தோர் மிகப் பலர். ஆயினும் சோற்றுக்குத் துணையாகக் கருவாடு அவர்களைத் தேடி வந்தது.

1874-இல் புகையிரதம் நாவலப்பிட்டியை எட்டியது. தவளத்து மாடுகள் நாட்கணக்கிற் கடந்த வழியை வண்டி சில மணி நேரத்திற் கடந்தது. கோப்பி இலைநோயால் அழிந்து தேயிலை வந்த பின்னரும், சம்பள நாளில் வாங்கும் பொருள்களுள் கருவாடு நீங்கவில்லை. 1927-இல் திருகோணமலைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டதால், கிழக்குக் கரையும் மலையும் மேலும் நெருங்கின.

அந்நெருக்கம் என்றும் ஒருபடித்தாய் இருக்கவில்லை. 1983-க்குப் பின் மூண்ட போரில் கிழக்கு மீனவர் கடலுக்குச் செல்வதற்கே பல தடைகள் விதிக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை மூதூர்க் கரையையும் தாக்கி, மீனவர்களின் வள்ளங்களையும் வலைகளையும் வாரிச் சென்றது. மேலே, 1985-இல் நிறைவுற்ற கொத்மலை அணை மகாவலியின் கிளையொன்றை மறித்து நிற்கிறது. முன்னாளில் மலைமழை முழுவதையும் கடலுக்குக் கொண்டுசென்ற கங்கை, இன்று அணைகள் விட்ட நீரையே கொட்டியாரக் குடாவிற் சேர்க்கின்றது.