அரசவை எழுதிய வரலாறு



அரியணையைப் பிடிக்க வாள் போதும். அதில் நிலைத்து உட்கார, "இவருக்கு இந்த உரிமை உண்டு" என்று யாராவது எழுதியும் வைக்க வேண்டும். தில்லி சுல்தான்களுக்கு அந்த வேலை எப்படி நடந்தது என்பதை அமீர் குஸ்ரோவின் நூல்களில் பார்க்கலாம். கவிஞராக நாம் அறிந்த அவர், அடுத்தடுத்து வந்த பல சுல்தான்களின் அவையில் இருந்தவர்.

1291இல் ஜலாலுத்தீன் கில்ஜியின் வெற்றிகளைப் புகழ்ந்து 'மிஃப்தாஹுல் ஃபுதூஹ்' எழுதினார். 1296இல் அந்த ஜலாலுத்தீனைக் கங்கைக் கரையில் கொல்லச் செய்து, அவருடைய மருமகன் அலாவுதீன் சுல்தான் ஆனார். அலாவுதீனின் முதல் 15 ஆண்டுகளைச் சொல்வது குஸ்ரோவின் 'கஸாயினுல் ஃபுதூஹ்'. அதில் அந்தக் கொலை இல்லை. தானிய விலையைக் கட்டுப்படுத்தியதும், கோட்டைகளைப் பிடித்ததும், 1311இல் மாலிக் காபூர் மதுரை வரை வந்ததும் இருக்கின்றன.

1320இல் கில்ஜி வம்சம் முடிந்து துக்ளக் வம்சம் வந்தது. இப்போது குஸ்ரோ எழுதியது 'துக்ளக் நாமா'. அதன்படி கியாசுத்தீன் பட்டத்துக்கு ஆசைப்பட்டவர் அல்லர். கொல்லப்பட்ட எஜமானுக்காகப் பழிதீர்த்தார். கில்ஜி வாரிசு யாரும் மிஞ்சாததால், பிரபுக்கள் வேண்டிக்கொள்ள அரியணை ஏறினார்.

ஜலாலுத்தீன் கொலையை ஒளிக்காமல் எழுதியவர் ஜியாவுத்தீன் பரணி. ஆனால் அவர் நூலை முடித்தது 1357இல். கோபித்துக்கொள்ள அப்போது கில்ஜி சுல்தான் யாரும் இல்லை. அரசவையில் இடம் இழந்திருந்த பரணி, தம் நூலுக்கு ஆட்சியிலிருந்த ஃபிரோஸ் ஷாவின் பெயரையே வைத்தார் என்பதையும் கவனியுங்கள். தெற்கிலிருந்து காபூர் கொண்டுபோன யானைகள் குஸ்ரோ கணக்கில் 512. பரணி கணக்கில் 612.

அதற்காக இந்த நூல்களைத் தூக்கி எறிந்துவிட முடியாது. எறிந்தால், மதுரைப் படையெடுப்பின் தேதிகளும் படை வந்த வழியும் சேர்ந்தே போய்விடும். விவரங்களை எடுத்துக்கொள்வோம், புகழுரையை அதை எழுதியவர் கணக்கிலேயே விட்டுவிடுவோம்.

அடுத்த முறை உங்கள் கைபேசிக்கு 'உண்மை வரலாறு' என்று ஏதாவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? எதைச் சொல்லாமல் விட்டார்? மூன்றாவதற்கு விடை அதே பக்கத்தில் கிடைக்காது. இன்னொரு புத்தகத்தைத் திறக்கத்தான் வேண்டும்.