பாய்மரமும் உந்துவிசிறியும்

மலாயாவுக்கு வந்த தமிழரின் வரலாற்றை மாணவர்க்கு உரைக்கும்போது, ‘கப்பலேறி வந்தனர்’ என்னும் ஒரு தொடரிலேயே கடலைக் கடந்துவிடுகிறோம். அக்கப்பல் எதனால் இயங்கிற்று என்று கேட்பாரில்லை. கேட்டால், காற்றும் நீராவியும் ஒரே கலத்தில் குடியிருந்த காலம் ஒன்று நம் கண்முன் விரியும்.

பிரிஸ்டல் நகரில் புரூணல் என்னும் பொறியியலறிஞர் அமைத்த ‘கிரேட் பிரிட்டன்’ 1843-ஆம் ஆண்டு நீரில் இறங்கிற்று. இரும்பு உடலும், பின்புறம் நீருள் சுழலும் உந்துவிசிறியும் ஒருங்கே பெற்ற முதற் பெருங்கடற் கப்பல் அதுவே. ஆயினும் அதன்மேல் பாய்மரங்களும் நின்றன. அக்கால இயந்திரங்கள் நிலக்கரியை மிகுதியாக விழுங்கியமையால், நெடும்பயணத்திற்குக் காற்றின் துணையைக் கைவிட இயலவில்லை.

இங்கேதான் இடர்ப்பாடு எழுந்தது. இயந்திரத்தை நிறுத்திப் பாயை விரித்தவுடன், உந்திச் சென்ற விசிறியே சுமையாயிற்று. அசையாது நிற்கும் அதன் அலகுகள் நீரைத் தடுத்துக் கப்பலைப் பின்னிழுத்தன. இதற்கு மூன்று வழிகள் கண்டனர். முதலாவது, விசிறியை நீரிலிருந்து மேலே தூக்கிவிடுதல். 1857-இல் ‘கிரேட் பிரிட்டன்’ இவ்வமைப்பைப் பெற்றது. 1860-இல் நீரில் இறங்கிய ‘வாரியர்’ போர்க்கப்பலிலோ நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு பற்றி இழுத்தே விசிறியை உயர்த்தினர். இரண்டாவது, ஈரலகு விசிறியைச் செங்குத்தாக நிறுத்திக் கப்பலின் பின்கட்டைக்குள் மறைத்தல். மூன்றாவது, சுழல்தண்டை இயந்திரத்தினின்று பிரித்து, அதனைத் தன்போக்கிற் சுழலவிடுதல்.

மூன்றாம் வழியை விளக்கக் கேமரன் மலை ஆசிரியர் வேறெங்கும் செல்ல வேண்டா. ரிங்லெட்டில் 1960-களில் எழுந்த சுல்தான் அபு பக்கார் அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழி பாய்ந்து மின்நிலையச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவ்வாறே, ஓடும் கப்பலுக்கு எதிர்ப்படும் நீர் விசிறியைச் சுழற்றும். பூட்டிய விசிறியினும், தடையின்றிச் சுழலும் விசிறி பெரும்பாலும் கப்பலைக் குறைவாகவே பின்னிழுக்கும். ஆயினும் ஓயாச் சுழற்சியால் தண்டைத் தாங்கும் உறுப்புகள் தேயும். இயந்திரம் ஓடும்போது மட்டுமே எண்ணெய் பெறும் கியர்ப் பெட்டியாயின் பழுதுறும். சுழலவிடுவதா, பூட்டுவதா என்று இன்றைய பாய்ப்படகினரும் ஆராய்கின்றனர். அலகு மடங்கும் விசிறிகளும் இன்று உள்ளன.

நாளடைவில் இயந்திரம் சிறந்தது, பாய் சுருங்கிற்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தொழிலாளர் தொடக்கத்திற் பாய்க்கப்பல்களிலேயே வந்தனர். பருவக்காற்றே அவர்தம் பயணத்தை வகுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் அவ்வழியில் முறையாக ஓடத் தொடங்கின. காற்றுக்குக் காத்திருக்கும் தேவை நீங்கவே, தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதும் எளிதாயிற்று. இம்மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியபோது, 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்துக்கொண்டிருந்தது. 1973 வரை அக்கப்பல் பணியாற்றிற்று.

1938-ஆம் ஆண்டு இருவகையில் நினைக்கத்தக்கது. உடலுழைப்புத் தொழிலாளரை உதவியளித்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு அவ்வாண்டு தடைசெய்தது. அதே ஆண்டில், வல்வெட்டித்துறைத் தமிழர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் கைக்கு மாறி, வேறு பெயர் பூண்டு, தமிழ் மாலுமிகளால் செலுத்தப்பட்டு, அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

ஏற்றிவரப்பட்டோர் என்று மட்டுமே தம் முன்னோரை அறியும் மாணவர்க்கு வரலாற்றின் பாதியே கிட்டுகிறது. இயந்திரக் கப்பலில் ஏறி வந்த இனமும், காற்றை அறிந்து கலஞ்செலுத்திய இனமும் ஒன்றே. இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்பித்தல் நம் கடமையாகும்.